ஊசி போட்டதற்கு மூன்று நட்சத்திரம், நிறுத்தியதற்கு ஐந்து

சாப்பாட்டுக் கடை, ஐஸ்கிரீம் கடை, கலியாண மண்டபம் என்று எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாக ரிவியூ எழுதுகிறோம். பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய இடங்களைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை, அது "அவர் கைராசிக்காரர்", "அங்க போகாதேங்கோ" என்று வாய்வழியாகவே போய்க்கொண்டிருக்கிறது. என் தங்கச்சியின் பிள்ளைக்கு அன்ரிபயோற்றிக் கொடுப்பதா விடுவதா என்று அலைந்ததில் யாழ்ப்பாணத்தில் ஒரு மருந்துக்கடை, பெரிய டொக்டர்மாரைக் காசு கட்டிப் பார்க்கும் ஒரு சனல் சென்ரர், ஒரு அரச ஆஸ்பத்திரியின் பிள்ளை வாட் மூன்றையும் கிட்டத்தில் பார்த்தாயிற்று, அதனால் எழுதுகிறேன். பெயர் போடமாட்டேன். போட்டால் அங்கே வேலை செய்கிற யாரோ ஒரு மிஸ்ஸியை, அதாவது தாதியை, திட்டுவதிலேயே எல்லோரும் நின்றுவிடுவார்கள்.

பிள்ளை பிறந்து ஒரு கிழமை ஆகவில்லை. நிறைமாதம், சுகப்பிரசவம், நிறையும் சரி. வீட்டுக்கு வந்த இரண்டொரு நாளில் பால் குடிக்கிறதில் ஒரு சோம்பல். மார்பில் வைத்தால் நாலு உறிஞ்சு, பிறகு நித்திரை, காலைச் சுரண்டினாலும் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் நித்திரை. கையும் காலும் குளிர்ந்து கிடந்தது. அம்மா "பச்சைப் பிள்ளை நித்திரைதான் கொள்ளும், அதைப்போய் நோண்டாதேங்கோ" என்றார். மாமி நாவூறு என்றார், செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாயிற்று. எல்லோருக்கும் இருந்த ஒரே ஆறுதல் காய்ச்சல் இல்லை என்பது. அந்த ஆறுதலில் அர்த்தமே இல்லை என்று பிறகுதான் விளங்கியது. இந்த வயதில் கிருமித் தொற்று வந்தால் உடம்பு சுடவேண்டும் என்று கட்டாயமில்லை, குளிர்ந்தும் போகும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஆபத்து அறிகுறிகளில் 38 பாகைக்கு மேல் சூடு எந்தப் பட்டியலில் இருக்கிறதோ அதே பட்டியலில்தான் 35.5-க்குக் கீழே குளிர்வதும் இருக்கிறது.

முதலில் மருந்துக்கடை. மச்சான் பின்னேரம் வேலையால் வருகிற வழியில் போய் "பிள்ளை சோர்வாக இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். கவுண்டரில் நின்றவர் என்ன வயது, எத்தனை கிலோ, ஒன்றும் கேட்கவில்லை, ஒரு அமொக்சிசிலின் போத்தலை எடுத்து "கொதிச்சாறின தண்ணியில கலந்து மூண்டு நேரம்" என்று கொடுத்துவிட்டார். டொக்டரின் துண்டு இல்லாமல் அன்ரிபயோற்றிக் விற்கக்கூடாது என்று நாட்டில் சட்டம் இருக்கிறது, கடையின் கண்ணாடியிலும் அப்படி ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்ததாம். தங்கச்சி போத்தலை மூடியைக் கூடத் திறக்கவிடவில்லை, அவளுக்குப் புண்ணியம். ஏனென்றால் சோர்ந்துபோன பச்சைப் பிள்ளைக்கு வாயால் கொடுக்கும் மருந்து எவ்வளவு உள்ளே போகும், எவ்வளவு கக்கிப்போகும் என்று யாருக்கும் தெரியாது. உள்ளே போனாலும் இரத்தத்தில் உள்ள கிருமியைக் கொல்ல அது தனியே காணாது, ஆனால் பிறகு இரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று வைத்துப் பார்க்கும் பரிசோதனையில் அதை வளராமல் மறைப்பதற்கு மட்டும் நன்றாகக் காணும்.

யாராவது இதைப் படித்துவிட்டு, உலக சுகாதார நிறுவனமே பச்சைப் பிள்ளைக்கு அமொக்சிசிலின் கொடுக்கலாம் என்று 2015-இல் எழுதியிருக்கிறதே என்று கேட்கலாம். எழுதியிருக்கிறது, உண்மை. ஆனால் அது ஆஸ்பத்திரிக்குப் போகவே வழியில்லாத குடும்பங்களுக்கு, பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர் பிள்ளையைப் பார்த்து, ஜென்ராமைசின் ஊசியோடு சேர்த்துக் கொடுப்பதற்கு. அரை மணித்தியாலத்தில் வாட்டுக்குப் போகக்கூடிய எங்களுக்காக எழுதியதில்லை. மருந்துக்கடைக்கு நட்சத்திரம் கிடையாது.

அடுத்த நாள் காலை குடும்பநல மாது, அதாவது அரச மருத்துவிச்சி, வீட்டுக்கு வந்தார். இதை ஒரு சேவை என்று நாங்கள் யாரும் கணக்கெடுப்பதே இல்லை, கேற்றடியில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் "தேத்தண்ணி போடுங்கோ" என்பதோடு சரி. பிள்ளை பெற்று முதல் பத்து நாளுக்குள் அவர்கள் வீடு தேடி வருவது இதற்காகத்தான். வந்தார், கை கழுவினார், பிள்ளையின் கக்கத்தில் தேமாமீற்றரை வைத்தார், 35.3. பால் குடிக்கிறதைத் தான் இருந்து பார்க்கவேண்டும் என்று தங்கச்சியை இருத்திப் பார்த்தார். பிறகு தேத்தண்ணியைத் தொடவும் இல்லை. "இப்பவே வாட்டுக்குக் கொண்டு போங்கோ, பின்னேரம் பாப்பம் எண்டு நிக்காதேங்கோ." போகிற வழியில் பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு, தோலோடு தோல் படும்படி கட்டிக்கொண்டு போகச் சொன்னார். வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு அடியுங்கள், காசு எடுக்கமாட்டார்கள் என்றும் சொன்னார். அந்த அம்புலன்ஸ் 2018-இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, இன்னும் பாதிப் பேர் அதை விபத்துக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் மச்சான் ஏற்கெனவே சனல் சென்ரரில் நம்பர் எடுத்து வைத்திருந்தார், "வாட்டுக்குப் போனா மறிச்சுப் போடுவினம், முதல்ல ஒரு பெரிய டொக்டரிட்டக் காட்டுவம்" என்று மாமியும் சேர்ந்துகொண்டார், அதனால் அங்கே போனோம். குளிரூட்டி போட்ட ஹோலில் ஏற்கெனவே குளிர்ந்துபோன பிள்ளையோடு நெடுநேரம் காத்திருந்தோம். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் பிறந்து சில நாளேயான பிள்ளை, பால் குடிக்கவில்லை என்று சொன்னோம், "நம்பர்ப்படிதான் அக்கா" என்றார். உள்ளே போனதும் டொக்டர் பிள்ளையைக் கட்டிலில் வைத்து உடுப்பைக் கழற்றி, ஒரு நிமிடம் கூட இருக்காது, "இதை நான் இங்க வச்சுப் பாக்கிறதில பிரயோசனமில்லை, நேரா வாட்டுக்குப் போங்கோ" என்று ஒரு துண்டு எழுதித் தந்தார். மச்சானுக்குக் கோபம், காசு கட்டினதுக்கு ஒரு மருந்தாவது எழுதவில்லையே என்று. எனக்கு அந்த டொக்டர் மேல் மரியாதைதான் வந்தது. சிரப் எழுதி அனுப்பியிருந்தால் நாங்கள் சந்தோஷமாக வீட்டுக்குத் திரும்பியிருப்போம். டொக்டருக்கு நாலு நட்சத்திரம், கவுண்டருக்கு ஒன்று கூட அதிகம். பச்சைப் பிள்ளையை வரிசையில் முன்னுக்கு விடவேண்டும் என்று ஒரு வரி எழுதி ஒட்ட என்ன செலவு?

இனி வாட். வாசலில் நின்ற மிஸ்ஸி துண்டைப் படிக்க முதல் பிள்ளையைத்தான் பார்த்தார், பார்த்த கையோடு உள்ளே எடுத்துக்கொண்டு போய் சூடாக்கும் விளக்கின் கீழ் வைத்துவிட்டார். பிறகு வந்தவர் ஒரு இளம் பெண் டொக்டர். நிதானமாகப் பார்த்தார், அதேநேரம் ஒரு நிமிடம் வீணாக்கவில்லை, இரண்டும் ஒன்றாக எப்படி முடிகிறது என்று தெரியவில்லை. கையில் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணினார். பச்சைப் பிள்ளைகள் கொஞ்சம் வேகமாக விட்டு, கொஞ்சம் நிறுத்தி விடுவார்களாம், பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் கணக்குப் பிழைக்கும். நிமிடத்துக்கு அறுபது அல்லது அதற்கு மேல் என்றால் வேகம். நெஞ்சில் விரலால் அழுத்தி விட்டு நிறம் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தார், உச்சியைத் தடவிப் பார்த்தார், கொப்பூழைச் சுற்றித் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்தார், குதிக்காலில் குத்திச் சீனி பார்த்தார், அது குறைவாக இருந்தது. கேள்விகள் வேறு: நீர்க்குடம் உடைந்து எத்தனை மணித்தியாலத்தில் பிள்ளை பிறந்தது, பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேலா, பிரசவ நேரம் தாய்க்குக் காய்ச்சல் இருந்ததா, முந்திய பிள்ளைக்கு இப்படி ஏதும் வந்ததா.

பிறகு அவர் சொன்னதை நான் அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். "இது கிருமியோ, பால் காணாததோ எண்டு இப்ப எனக்குத் தெரியாது அக்கா. தெரிஞ்ச பிறகு தொடங்குவம் எண்டு நிண்டா, கிருமியா இருந்தா பிந்திப்போகும். அதால இப்ப தொடங்கிறம், ரெண்டு நாளில திரும்ப யோசிப்பம்." தெரியாது என்று சொல்லுகிற டொக்டரை எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காது. அம்மாவின் முகம் கறுத்துப்போனது. எனக்கு அந்த ஒரு வசனத்துக்காகவே அந்த வாட்டுக்கு நட்சத்திரம் போடத் தோன்றியது.

முதலில் இரத்தம், பிறகு மருந்து. இந்த ஒழுங்கு முக்கியம். மருந்து போன பிறகு இரத்தம் எடுத்தால் கிருமி இருந்தாலும் வளர்ந்து காட்டாது. எடுக்கிற இரத்தம் ஒரு மில்லிலீற்றராவது இருக்கவேண்டுமாம், குறைந்தால் கிருமி தப்பிவிடும். இத்தனை சின்ன உடம்பில் அதை எடுக்கிறதைப் பார்க்க முடியாமல் மச்சான் வெளியே போய்விட்டார். வந்து சேர்ந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முதல் ஊசி போய்விட்டது. அம்பிசிலினும் ஜென்ராமைசினும். பல நாடுகளில் பச்சைப் பிள்ளைக்கு முதல் போடுவது பென்சிலின் வகையில் ஒன்றும் ஜென்ராமைசினும்தான், ஒன்று விடுகிற கிருமியை மற்றது பிடிக்கும். முள்ளந்தண்டில் நீர் எடுப்பதைப் பற்றியும் சொன்னார்கள், உடனே இல்லை, சி.ஆர்.பி. என்று இரத்தத்தில் தொற்றின் அறிகுறியைப் பார்க்கும் அளவு ஏறினாலோ இரத்தத்தில் கிருமி வந்தாலோ எடுக்கவேண்டி வரும், மூளைக்காய்ச்சலா என்று பார்க்க வேறு வழி இல்லை என்று. அம்மா அந்த இடத்திலேயே எல்லா அம்மனையும் கூப்பிட்டுவிட்டார்.

ஊசி போட்ட இந்தக் கட்டத்துக்கு வாட்டுக்கு ஏன் ஐந்து போடாமல் மூன்று என்றால், இந்த விளக்கமெல்லாம் நான் பின்னால் திரிந்து கேட்டதால் கிடைத்தது. தங்கச்சிக்கு, அதுவும் பெற்ற உடம்போடு ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தவளுக்கு, முதல் சில மணித்தியாலம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைக்கு என்ன போகிறது, பால் கொடுக்கலாமா, தொடலாமா, ஒன்றும் தெரியாமல் கண்ணாடிக்கு வெளியே இருந்தாள். பால் கொடுக்கலாம், உறிஞ்ச முடியாவிட்டால் பிழிந்து கோப்பையாலோ குழாயாலோ கொடுக்கலாம், அன்ரிபயோற்றிக் போகிறது என்பதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையே இல்லை. இதை வாசலில் தமிழில் எழுதி ஒட்டினால் பாதிக் கண்ணீர் குறையும். பக்கத்துக் கட்டிலில் நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு இளம் தாய் தனக்கே விளங்காததை மற்றத் தாய்மாருக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள், பாவம்.

இரவு லண்டன் மச்சாள் வட்ஸ்அப்பில் வந்தார். அங்கே அவருடைய பிள்ளைக்கும் பிறந்த உடனேயே ஊசி போட்டிருக்கிறார்கள், பிள்ளை நல்ல சுகம், பிரசவ நேரம் தாய்க்குக் காய்ச்சல் என்ற ஒரே காரணத்துக்காக, 36 மணித்தியாலத்தில் நிறுத்தியும் விட்டார்கள். "கொம்பியூற்றரில கணக்குப் போட்டுப் பாக்கலாமே, உங்க அப்பிடி இல்லையோ" என்று கேட்டார். அவர் சொன்னது கலிபோர்னியாவில் கைசர் பெர்மனென்ரே என்ற நிறுவனத்தார் செய்த ஒரு கணிப்பான். தாயின் ஆகக்கூடிய காய்ச்சல், நீர்க்குடம் உடைந்த நேரம், எத்தனை கிழமைப் பிள்ளை, தாய்க்கு ஸ்ரெப்ரோகொக்கஸ் கிருமி இருக்கிறதா, பிரசவ நேரம் அன்ரிபயோற்றிக் போட்டதா என்று கேட்டு, பிள்ளையின் நிலையையும் சேர்த்து ஆபத்து எவ்வளவு என்று சொல்லும். நல்ல சாமான்தான், தேவையில்லாமல் போடும் ஊசிகளைக் குறைத்திருக்கிறது. ஆனால் அது 34 கிழமை தாண்டிப் பிறந்த பிள்ளைக்கு, பிறப்போடு வரும் தொற்றைக் கணக்குப் பார்க்க. வீட்டுக்கு வந்து நாட்கள் போனபிறகு குளிர்ந்து சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்கு அதில் ஒரு பெட்டியும் இல்லை. சுகமாக இருக்கும் பிள்ளைக்குத் தொடங்கவேண்டுமா என்று எண்ணிப் பார்க்கலாம், எங்களுடையது எண்ணிக்கொண்டிருக்கும் நிலையில் இல்லை. வெளிநாட்டில் இருந்து போனில் வைத்தியம் சொல்லுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன், கோபிக்கவேண்டாம்.

இனி நான் உண்மையில் ஐந்து நட்சத்திரம் போட்ட இடம். முதல் சி.ஆர்.பி. குறைவு. அதை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது என்றார்கள், தொற்றுத் தொடங்கிச் சில மணித்தியாலம் போனபிறகுதான் அது ஏறும். அடுத்த நாள் திரும்ப எடுத்தார்கள், அதுவும் குறைவு. அந்தப் பெண் டொக்டர் சொன்னபடியே இரண்டு நாளில் திரும்ப யோசித்தார்கள். பெரிய டொக்டர் காலை ரவுண்டில் வந்தார், இரத்தத்தில் இதுவரை ஒன்றும் வளரவில்லை, பிள்ளையின் சூடு 36.8, அழுகிறது, வடிவாக உறிஞ்சுகிறது. "சரி, ஊசியை நிப்பாட்டுவம்" என்றார்.

அங்கே தொடங்கியது சண்டை. அம்மா, மாமி, மச்சான் மூன்று பேரும் ஒரே பக்கம், வாழ்க்கையில் முதல் தடவையாக. தொடங்கின அன்ரிபயோற்றிக்கை இடையில் விடக்கூடாது, கோர்ஸ் முடிக்கவேண்டும், இல்லாவிட்டால் கிருமி பழகிப்போய்விடும் என்று இத்தனை வருசமாக டொக்டர்மாரே எங்களுக்குச் சொல்லித் தந்தது, இப்போது டொக்டரே இடையில் விடுகிறாரே என்று. நியாயமான கேள்விதான், சும்மா பயத்தில் கேட்டதென்று தள்ளமுடியாது. பெரிய டொக்டர் சிரித்துக்கொண்டு நின்று பதில் சொன்னார்: அந்தக் கதை தொற்று இருக்கிறதென்று முடிவான ஆளுக்கு. இங்கே தொடங்கியது சந்தேகத்துக்கு. சந்தேகம் இல்லையென்றானபிறகு எதை முடிக்கிறது?

மருந்தை மேலும் ஐந்து நாள் போட்டால் என்ன நட்டம் என்று மச்சான் விடவில்லை. நட்டம் இருக்கிறது. ஜென்ராமைசின் காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது, அதனால்தான் நாட்கள் கூடினால் இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துப் பார்த்துப் போடுகிறார்கள். பிள்ளையின் குடலில் இந்த நாட்களில்தான் நல்ல கிருமிகள் குடியேறுகின்றன, ஊசி அவற்றையும் சேர்த்துக் கொல்லும். மாதம் குறைந்து பிறந்த பிள்ளைகளில், கிருமி வளராமலே நாட்கணக்கில் அன்ரிபயோற்றிக் போட்டவர்களுக்குப் பிறகு குடல் அழுகும் நோயும் வேறு தொற்றும் கூட வருகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருந்து ஏற்றக் கையில் குத்தி வைத்திருக்கும் சின்னக் குழாயான கனுலாவே கிருமி போக ஒரு வழி. அப்புறம் வாட் முழுவதுக்குமான நட்டம் ஒன்று இருக்கிறது. டெல்லியில் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2016-இல் வெளியான ஆய்வில், பிள்ளைகளின் இரத்தத்தில் அதிகம் கண்ட அசினெற்றோபக்ரர், கிளெப்சியெல்லா போன்ற கிருமிகளில் பெரும்பங்கு பல மருந்துக்கும் மசியாதவையாக இருந்தன. டெல்லி எங்களுக்கு அவ்வளவு தூரமில்லை. தேவையில்லாத இடத்தில் நிறுத்துகிற டொக்டர் பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்கிறார்.

நிறுத்திவிட்டு உடனே துண்டு வெட்டி அனுப்பவும் இல்லை. ஊசி இல்லாமல் பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்க்க மறித்து வைத்தார்கள். அதற்குள் ஒரு வயதான மிஸ்ஸி தங்கச்சியின் பக்கத்தில் இருந்து பார்த்து, பிள்ளை முலைக்காம்பை மட்டும் கவ்வுகிறது, கறுப்பு வட்டமும் வாய்க்குள் போகவேண்டும் என்று பிடிக்கும் முறையை மாற்றிக் கொடுத்தார். பால் காணாமல் சீனி குறைந்து, அதனால் குளிர்ந்து சோர்ந்திருக்கலாம் என்பது அவர்களின் முடிவு. "இருக்கலாம்" என்றுதான் சொன்னார்கள், இரத்தத்தில் வளராததால் கிருமியே இல்லை என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை, அதனால்தான் இரத்தம், சி.ஆர்.பி., பிள்ளையின் முகம் மூன்றையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுத்தார்கள். மாமிக்கு இன்னும் நாவூறுதான். அவர் சுற்றிப் போட்டதற்கும் நான் ஒரு நட்சத்திரம் கொடுக்கவேண்டுமாம்.

குறைகள் இன்னும் உண்டு. தகப்பனை விசிற்றிங் நேரம் மட்டும்தான் விடுகிறார்கள், தாய் நடக்க முடியாத நிலையில் இது பெரிய கஷ்டம். இரவு நேர மிஸ்ஸி ஒருவர் தாய்மாரை அதட்டுவார், கேள்வி கேட்டால் இன்னும் அதட்டுவார். கழிப்பறை வாளிக்குக் கைபிடி இல்லை. வீட்டுக்கு வரும்போது தந்த கார்ட் முழுவதும் ஆங்கிலத்தில் சுருக்கெழுத்து, என்ன மருந்து எத்தனை நாள் போட்டது என்று தமிழில் எழுதித் தாருங்கள் என்று கேட்டதும் அந்தப் பெண் டொக்டர் பின்பக்கத்தில் கையால் எழுதித் தந்தார். கேட்டால் தருகிறார்கள், கேளுங்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று என்றால்: பால் குடிக்காமை, வலிப்பு, நிமிடத்துக்கு அறுபதும் அதற்கு மேலுமாக மூச்சு, மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே இழுபடுவது, சுடுவது அல்லது குளிர்வது, தொட்டால் மட்டும் அசைவது, இதில் ஒன்று இருந்தாலே போதும், மருந்துக்கடையும் வேண்டாம் சனலும் வேண்டாம், நேரே வாட். தீவுப் பக்கம் இருப்பவர்கள் கடைசிப் படகு போகவிட்டு யோசிக்கவேண்டாம், முதலில் உள்ளூர் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், அவர்களே அனுப்பி வைப்பார்கள். வாட்டில் கேட்கவேண்டியது, இரத்தம் எடுத்த பிறகா ஊசி போட்டீர்கள், எப்போது திரும்ப யோசிப்பீர்கள், என்னத்தைப் பார்த்து நிறுத்துவீர்கள். இதற்குப் பதில் சொல்லுகிற இடம் நல்ல இடம்.

கொண்டு போகவேண்டிய சாமான்: பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, துவாய் நாலைந்து, தாய்க்கு ஒரு தலையணை, சுடுதண்ணிப் போத்தல். கொசுவலை அங்கே தருகிறார்கள், ஓட்டை இருக்கும். கன்ரீனில் தேத்தண்ணி குடிக்கலாம், வடை வேண்டாம்.